‘கவனமாகக் கையாளவும்’ என்றால் என்ன செய்யணும்?

கே: சின்ன அளவில் கழிவறை ஆசிட் தயாரித்து விற்கிறோம். லேபிளில் ‘கவனமாகக் கையாளவும்’ என்று போட்டிருக்கிறோம். போதாதா?

போதாது. எதைச் செய்யக் கூடாது, செய்தால் என்ன ஆகும், ஆகிவிட்டால் என்ன செய்வது என்று தெரிய வேண்டாமா? உங்கள் சரக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம்தானே? ‘ப்ளீச்சிங் பவுடருடன் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்’ என்று போடுங்கள். ‘கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, டாக்டரிடம் போங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்’ என்பதும் வேண்டும். பழைய தண்ணீர் பாட்டிலில் மட்டும் அடைத்து விற்காதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளை லேபிளைப் படிக்காது.

கே: எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மண்டையோட்டுப் படம் போதுமா?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் இதே சிக்கல் வந்தது. அந்த ஊர் பேஸ்பால் அணியின் பெயரே ‘பைரேட்ஸ்’. மண்டையோடு என்றால் பிள்ளைகளுக்குக் கடற்கொள்ளையர் விளையாட்டு! அதனால் 1971-இல் அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனை, முகம் சுளிக்கும் பச்சை உருவம் ஒன்றை ஸ்டிக்கராக்கியது. பெயர் ‘மிஸ்டர் யக்’. அதைக் கண்டும் சின்னக் குழந்தைகள் விலகிப் போகவில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

நம் பூச்சிமருந்து டப்பாவையே பாருங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சு இறங்கிக்கொண்டே வரும். பச்சைக்கும் நச்சு உண்டு, குறைவு என்பதுதான் கணக்கு. சிக்னலில் பச்சை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புரியுமா? எனக்குச் சந்தேகம்தான். எந்தப் படமானாலும் வாங்குபவர்களிடம் காட்டிக் கேளுங்கள். அமெரிக்கத் தரம் (ஏஎன்எஸ்ஐ) 85 சதவீதம் பேர் சரியாகச் சொல்ல வேண்டும் என்கிறது; ஆபத்தாகும்படி தப்பாகப் புரிந்துகொள்பவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கே: மிக்ஸி கையேட்டில் 30 எச்சரிக்கைகள் போடச் சொல்கிறார் வக்கீல்.

வக்கீலுக்காகக் கையேட்டில் போடுங்கள். பிளேடு பற்றியதை ஜார் மேலேயே ஒட்டுங்கள். மூடி பூட்டினால்தான் மோட்டார் ஓடும் என்று செய்துவிட்டால் பாதி எச்சரிக்கைக்கு வேலையே இல்லை.

கே: ஆங்கிலக் கையேட்டைக் கணினியில் கொடுத்துத் தமிழாக்கலாமா?

‘அடித்தளத்தை நீரில் மூழ்கடிக்க வேண்டாம்’ என்று ஒன்று பார்த்தேன். வீடு கட்டுகிற விஷயமோ என்று நினைத்தேன். ‘மோட்டார் பகுதியைத் தண்ணீரில் முக்கிக் கழுவாதீர்கள்’ என்றால் முடிந்தது. அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் எங்கே “என்னது?” என்கிறாரோ, அந்த வரியை மாற்றுங்கள்.