பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்

அன்புள்ள ஐயா,

திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளைகளுக்குக் கூத்து கற்றுத்தரும் சிறிய அறக்கட்டளை ஒன்றின் செயலாளர் நான். நாற்பது பிள்ளைகள், இரண்டு வாத்தியார்கள், ஆண்டுக்கு ஒன்பது லட்சம் ரூபாய் செலவு. இப்போது கல்குவாரி உரிமையாளர் ஒருவர் பயிற்சிக்கூடம் கட்ட 25 லட்சம் தர முன்வந்திருக்கிறார். கூடத்துக்கு அவருடைய அப்பாவின் பெயரை வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. குவாரியைப் பற்றிப் புகார்கள் உண்டு. ஆனால் எந்த வழக்கும் நிரூபிக்கப்படவில்லை. எங்கள் பிள்ளைகளில் இருவர் அந்தக் குவாரியை ஒட்டிய ஊர்க்காரர்கள். ஐந்து அறங்காவலர்களில் மூவர் வாங்கலாம் என்கிறார்கள். சிங்கப்பூரில் உள்ள நண்பர் ஒருவரும் பணம் அனுப்புவதாகச் சொல்கிறார். எந்த நன்கொடையை ஏற்பது, எதை மறுப்பது என்பதற்கு ஏதேனும் விதிமுறை உண்டா? எங்களைப் போன்றவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை ஐயா. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியாமல் எழுந்துவிட்டேன். கொஞ்ச நாட்களாக ஒரு பழைய திரைச்சீலை என் நினைவில் வந்து தொங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடைசி வரியைப் படித்ததும் அது முழுதாக விரிந்துவிட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சிங்கப்பூர் நண்பரின் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அவர் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் என்றால், சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிவிட்டது என்றால் அது வெளிநாட்டு நன்கொடைதான். தமிழராக இருப்பதால் சட்டம் விலக்குத் தராது. உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ, புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் கணக்கோ இல்லாமல் அதில் ஒரு ரூபாயைக்கூடத் தொடாதீர்கள். உள்ளூர்ப் பணத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கொடுத்தவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்காது. பெயர் சொல்ல விரும்பாதவர்களின் பணம் ஓர் அளவைத் தாண்டினால் 30 சதவீதம் வரி விழும். இவையெல்லாம் உங்கள் ஆடிட்டருக்குத் தெரிந்தவை. அவரிடம் கேளுங்கள்.

இனி அந்தக் கடைசி வரி. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. உங்கள் கூடத்தில் கர்ணன் வேடம் கட்டுகிற பிள்ளை ஒருவன் இருப்பான் அல்லவா? கவசத்தை அறுத்துக் கொடுத்தவனின் வேடத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, கூடத்தின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் ‘நமக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை’ என்று எப்படி எழுதுகிறீர்கள்? வசதி இருப்பவன்தான் மறுக்க முடியும் என்பது தமிழில் கூத்து நடத்துகிறவன் சொல்லக்கூடிய வார்த்தையா?

சங்கப் புலவர் பெருஞ்சித்திரனாரை எடுத்துக்கொள்ளுங்கள். புறநானூற்றின் 160ஆம் பாட்டில் அவர் வீடு வருகிறது. பால் இல்லாத முலையைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, கூழும் சோறும் இல்லாத வெறும் பாத்திரங்களைத் திறந்து பார்த்து அழுகிற பிள்ளை. புலி வருகிறது என்று அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் அவன் அழுகையை நிறுத்தப் பார்க்கும் தாய். அது குமணனிடம் பாடியது. இப்படியொரு வறுமையைப் பாடியவர்தான் குன்றும் மலையும் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடம் போகிறார். அதியமான் பொருளைக் கொடுத்தனுப்புகிறான், ஆனால் நேரில் வந்து பார்க்கவில்லை. அங்கே நின்று அவர் சொன்னது 208ஆம் பாட்டு. ‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்.’ என்னைப் பார்க்காமலே கொடுத்த இந்தப் பொருளுக்கு நான் வணிகன் அல்லன். என் அளவை அறிந்து, மதித்துத் தந்தால் தினையளவு போதும் என்கிறார். அவருடைய மறுப்புக்குத் தொகை குறைவு என்பது காரணம் இல்லை. அதியமானின் பொருள் எப்படி வந்தது என்பதும் காரணம் இல்லை. அவன் பார்க்கவில்லை, அதுதான் காரணம்.

தம்பி, உங்கள் குவாரிக்காரர் எப்போதாவது உங்கள் பிள்ளைகளின் கூத்தைப் பார்த்திருக்கிறாரா? கடிதத்தில் 25 லட்சம் இருக்கிறது, அப்பா பெயர் இருக்கிறது, வழக்கு இருக்கிறது. இது மட்டும் இல்லை.

கூத்தில் பணம் வாங்குகிற முறை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஊர் கூடிப் பாக்கு வைத்துக் கூத்து வைக்கிறது. விடியும்வரை ஆட்டம். நடுச்சாமத்தில் ஒரு கிழவர் எழுந்து வந்து, திரௌபதியின் அழுகை தாங்காமல் பத்து ரூபாயை நீட்டுகிறார். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் அவர் பெயரையும் ஊரையும் அன்பளிப்புத் தொகையையும் சத்தமாகச் சொல்கிறான். அடுத்த கணம் ஆர்மோனியம் தொடங்கிவிடும், பெயர் காற்றோடு போய்விடும். அவர் பார்த்தார், பார்த்ததால் கொடுத்தார், கொடுத்தவரை ஊரே பார்த்தது. நீங்கள் கேட்கிற விதிமுறை உங்கள் ஜமாவுக்குள், அந்தக் கூத்துக் குழுவுக்குள், ஏற்கெனவே இருக்கிறது.

பார்ப்பது ஒரு பக்கத்துக் காரியம் இல்லை. வாங்குகிறவனும் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் ஒரு நாடகக் குழுவுக்கு நான் பொருளாளராக இருந்தேன். எங்களுக்குத் திரைச்சீலை இல்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வாடகைக்கு எடுப்போம், கிழிந்ததுதான் கிடைக்கும். அப்போது நகரம் முழுக்க பைனான்ஸ் கம்பெனிகள். அவற்றில் ஒன்று 40,000 ரூபாய் தந்தது. மெரூன் வெல்வெட்டில் புதுத் திரை தைத்தோம், நடுவில் மஞ்சள் எழுத்தில் அவர்கள் பெயர். நான்தான் போய்க் காசோலையை வாங்கி வந்தேன். அந்த அலுவலகத்தில் வட்டி விகிதம் எழுதிய பலகையைப் பார்த்தேன். எந்தத் தொழிலும் அவ்வளவு வட்டி தர முடியாது என்பது கணக்கு படித்த எனக்குத் தெரியும். நமக்கென்ன, நாம் பணம் போடவா போகிறோம், வாங்கத்தானே போகிறோம் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

இரண்டு வருடத்தில் அந்தக் கம்பெனி ஷட்டரை இறக்கியது. நாங்கள் நான்கு பேர் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து பிளேடால் அந்த எழுத்துகளைப் பிரித்தெடுத்தோம். அடுத்த நாடகத்தில் விளக்கு போட்டபோதுதான் தெரிந்தது, திரை முழுதும் வெளுத்திருக்க, எழுத்துகள் இருந்த இடம் மட்டும் புது வெல்வெட்டின் நிறத்திலேயே இருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களாலும் அந்தப் பெயரைப் படிக்க முடிந்தது.

எங்கள் நாடகம் ஒன்றையும் விடாமல் பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். அன்று முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். ஓய்வூதியப் பணத்தில் பாதியை அந்தக் கம்பெனியில் போட்டிருந்தாராம். “உங்கள் திரையில் பார்த்துத்தான் சார் போட்டேன். நீங்கள் விசாரிக்காமல் வாங்கியிருக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன்” என்றார். குரலில் கோபமே இல்லை. அடுத்த நாடகத்துக்கும் வந்தார், எப்போதும்போல வரிசையில் நின்று 20 ரூபாய் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் டிக்கெட் கொடுக்கும் மேஜையில் இருந்தேன். அந்த இரண்டு பத்து ரூபாய் நோட்டுகளை வாங்கிய கை இது.

கம்பெனி எங்களுக்குத் தந்தது 40,000. எடுத்துக்கொண்டது அந்த மனிதர் எங்கள்மீது வைத்திருந்த நம்பிக்கையை. பெயர் வைப்பது ‘ஒன்றுதான்’ நிபந்தனை என்று எழுதியிருக்கிறீர்கள். கூடம் நீங்கள் கட்டுவது. அதன்மேல் இருக்கும் பெயருக்கு ஊர் தரும் மரியாதை உங்கள் வாத்தியார்கள் முப்பது நாற்பது வருடம் அரிதாரம் பூசிச் சம்பாதித்தது.

‘வழக்கு நிரூபிக்கப்படவில்லை’ என்கிற வாதத்தையும் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள். உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் சில, வழக்கு முடிந்த பிறகும் வாங்கியிருக்கின்றன. அமெரிக்காவின் சாக்லர் குடும்பத்துக்குச் சொந்தமான பர்டியூ ஃபார்மா என்ற மருந்து நிறுவனம் 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற வலிநிவாரணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடிமையாகி அமெரிக்காவில் ஏராளமானோர் வாழ்க்கை இழந்தார்கள். அடிமையாக்கும் தன்மையைக் குறைத்துச் சொல்லி விற்றதற்காக 2007இல் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பத்து வருடம் கழித்து, 2017இல், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் திறந்த புது முற்றத்துக்குச் சாக்லர் பெயர்! வழக்கு நிரூபிக்கப்பட்டபோதும் அவர்கள் பார்க்கவில்லை, தம்பி.

பார்த்தவர் ஒரு கலைஞர். புகைப்படக் கலைஞர் நேன் கோல்டின், அந்த மாத்திரைக்குத் தானே அடிமையாகி மீண்டவர். 2018 மார்ச்சில் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் சாக்லர் பகுதியில், அங்கே வைத்திருக்கும் எகிப்தியக் கோயிலைச் சுற்றியுள்ள நீரில் தோழர்களோடு மாத்திரைக் குப்பிகளை எறிந்தார். லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் காலரி சாக்லர் அறக்கட்டளையின் 10 லட்சம் பவுண்டை வாங்கினால் அங்கே தன் படங்கள் தொங்காது என்றார். 2019 மார்ச்சில் அந்த நன்கொடை கைவிடப்பட்டது. சில நாட்களில் லண்டன் டேட் கலைக்கூடம், பிறகு நியூயார்க் கூகன்ஹைம் அருங்காட்சியகம் என்று வரிசையாக மறுத்தார்கள். ஜூலையில் பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் சாக்லர் பெயரை எடுத்தது, 2021 டிசம்பரில் மெட்ரோபாலிடன், 2022இல் அந்த லண்டன் முற்றம். சுவரில் எழுத்துகள் இருந்த இடம் எப்படித் தெரிந்திருக்கும் என்று செய்திப் படங்களை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் குவாரிக்காரரை நான் சாக்லரோடு ஒப்பிடவில்லை. அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். அப்பா பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிக்கும் மகனாக இருக்கலாம். அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம். குவாரிக்குப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பிள்ளைகள் உங்களிடம் வருகிறார்கள் என்பதைக் கடிதத்தில் ஏதோ போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர்கள் வீட்டுக்குப் போனீர்களா? வெடி வைக்கும் நேரத்தில் அந்த வீட்டுச் சுவரைப் பார்த்தீர்களா? கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் எங்கே வேலை செய்கிறார்கள், எத்தனை மணிக்கு இருமிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள் என்று கேட்டீர்களா? அந்த இருவரும் நாளைக்கு எந்தப் பெயருக்குக் கீழே நின்று காலில் சலங்கை கட்டப் போகிறார்கள் என்று அவர்களுடைய அம்மாக்களிடம் சொன்னீர்களா? ஐந்து அறங்காவலர்களும் ஒரே வண்டியில் போங்கள். வாங்கலாம் என்று சொன்ன மூவரையும் முன்னால் உட்கார வையுங்கள்.

அடுத்து எந்த ஊரில் உங்கள் பிள்ளைகள் ஆடுகிறார்களோ, அங்கே குவாரிக்காரரை அழையுங்கள். சால்வை வேண்டாம், தனி நாற்காலி வேண்டாம். எல்லோரோடும் தரையில் உட்காரட்டும். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அன்று வேடம் இருக்கட்டும். விடியும்வரை அவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், ஆட்டம் முடிந்து மக்கள் பாயைச் சுருட்டும் நேரத்தில் அவரோடு பேசுங்கள்.

எனக்கும் தேதியை எழுதுங்கள், வருகிறேன். இரவு பஸ்ஸில் வந்து இறங்கினால் ஊருக்குள் வர வண்டி கிடைக்குமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.