தனியாகப் பாடுகிற பிள்ளை, மேடையில் ஏன் தடுமாறுகிறது?

மகள் ஏ.எல். என்கிற உயர்தரச் சோதனைக்குக் கர்நாடக சங்கீதம் எடுத்திருக்கிறாள், வீட்டில் சுருதிப் பெட்டியோடு பாடினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், மிருதங்கத்தோடு மேடையேறினால் மட்டும் தடுமாறுகிறாள், அதற்காக இன்னொரு ரீச்சரிடமும் ரியூஷன் போடவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. புதிதாகப் பத்துக் கீர்த்தனை படித்து இது தீராது. தெரிந்த இரண்டை வேறு பிள்ளைகளோடு சேர்ந்து பாடினால்தான் தீரும்.

எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியிலேயே, எடுக்கும் பாட்டென்றால் எப்படியும் சமாளித்துவிடுவாள். ஒன்றரை இடம் தள்ளி எடுப்பு (பாட்டுத் தொடங்கும் இடம்) வரும் பாட்டில் கற்பனாசுரம், அதாவது அந்த நேரத்தில் தானே கோக்கும் சுரங்கள், பாடிவிட்டுத் திரும்பும்போதுதான் கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போகும். வீட்டில் அதைப் பிடிக்க ஆளில்லை. ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) பாடி, அடுத்ததை வாய் திறக்காமல் கையில் மட்டும் போட்டு, மூன்றாவதில் சரியான இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். போனில் பதிந்து கேட்டால் எங்கே தாளத்தை விட்டு ஓடுகிறாள் என்று உங்களுக்கே விளங்கும், சங்கீதம் தெரியாவிட்டாலும்.

சுருதியும், எத்தனை கட்டையில் (எவ்வளவு உயரத்தில்) பாடுகிறாள் என்பது, முன்கூட்டியே பேசிவைக்க வேண்டியது. ஒரு கட்டைக்குச் சேர்க்கிற மிருதங்கத்தை ஐந்து கட்டைக்கு இழுக்க முடியாது. அப்புறம், மிருதங்கம் தனியே வாசிக்கும் தனியாவர்த்தனம் நடக்கும்போது தண்ணீர்ப் போத்தலைத் தேடாமல் தாளம் போட்டுக்கொடுப்பதும் பாடகியின் வேலைதான்.

ஊரில் வடமோடி நாட்டுக்கூத்து நடந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளம் அடித்தபடியே ஆட்டக்காரரின் காலையும் பாட்டையும் எப்படிக் கவனிக்கிறார் என்று பார்க்கட்டும். சங்கீதக்காரர் சிலருக்கு இது இளக்காரம், எனக்கு அதில் உடன்பாடில்லை.

மட்டக்களப்புக் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கும்போது பட்டப்படிப்புக்குத் தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் பெறுபேறு மட்டும் போதாது, செயன்முறைத் தேர்வும் உண்டு. வேலை என்று பார்த்தால், அரச ஆசிரியர் நியமனம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது; அதுவரை வகுப்பு வைக்க, கோயில் கச்சேரிக்குப் போக, தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்க, எல்லாவற்றுக்கும் நாலு பேரோடு சேர்ந்து பாடத் தெரிந்திருக்க வேண்டும்.

சோதனை முடிந்து பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் சும்மாதான் இருப்பாள். வயலின் படிக்கும் பிள்ளை ஒன்றையும் மிருதங்கப் பிள்ளை ஒன்றையும் தேடிப்பிடித்து, கிழமைக்கு ஒருநாள் உங்கள் விறாந்தையில் இருத்துங்கள். தேத்தண்ணி உங்கள் பொறுப்பு, திருத்தப் போகாதீர்கள்.