மனப்பாடம் செய்தவர்களின் மேடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலிய முகமூடி நகைச்சுவை நாடகமான கொமேடியா தெல்லார்த்தே பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஃப்ளாமினியோ ஸ்காலாவின் நாடகத் தொகுப்பை ஆங்கிலத்தில் தேடி வாங்கினேன். முதல் ஆறு நாடகங்கள் படித்தேன். பெரிய ஏமாற்றம். ஒருவர் வருகிறார், கல்யாணப் பேச்சை எடுக்கிறார், வேலைக்காரன் குறுக்கே வருகிறான், அடிதடி, போகிறார்கள். இந்த அளவில்தான் எல்லாமே இருக்கிறது. வசனம் என்று ஒன்றுமே இல்லை. இதைப் பார்த்தா ஐரோப்பா இருநூறு வருடம் சிரித்தது? நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசிச் சமாளித்தார்கள் என்றால் அதைக் கலை என்று ஏன் கொண்டாட வேண்டும்? போதாததற்கு எல்லா நாடகத்திலும் அதே கிழவர், அதே வேலைக்காரன், அதே காதலர்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

1611ல் வெளிவந்த அந்தத் தொகுப்பில் இருப்பவை 50 கதைச்சட்டகங்கள். யார் எப்போது வருவது, என்ன நடக்க வேண்டும், எப்போது போவது என்பதோடு நின்றுவிடும். தொகுப்புக்கு முன்னுரைபோல ஒரு கடிதம் எழுதிய பிரான்செஸ்கோ ஆந்த்ரெய்னி உங்கள் கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கிறார். ஸ்காலா நினைத்திருந்தால் வசனத்தை முழுக்க எழுதியிருக்க முடியும், பேச்சுத்திறன் கொண்டவர்கள் இந்தச் சட்டகங்களின்மேல் தங்கள் சொற்களைக் கட்டிக்கொள்ளட்டும் என்றுதான் விட்டுவைத்தார் என்கிறார். ஆந்த்ரெய்னியே பெரிய நடிகர். சொல்கிறவருக்கு விஷயம் தெரியும்.

நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள் என்பதை என்னால் ஏற்க முடியாது. மனதில் சேர்த்து வைத்திருந்ததைப் பேசினார்கள். காதலன், காதலி வேடக்காரர்களிடம் குறிப்பேடுகள் இருந்தன. பிரிவுக்கு ஒரு பேச்சு, பொறாமைக்கு ஒன்று, நிராகரிப்புக்கு ஒன்று, சமாதானத்துக்கு ஒன்று என்று எழுதி உருப்போட்டு வைத்திருப்பார்கள். வெனிஸ் வியாபாரி பாந்தலோனேவுக்குப் புத்திமதிகள், பொலோன்யாவின் படிப்பாளி தொத்தோரேவுக்கு உளறலான லத்தீன் மேற்கோள்கள், பீற்றல் சிப்பாய் காப்பித்தானோவுக்கு வீரப் பிரதாபங்கள். மேலே சொன்ன ஆந்த்ரெய்னி காப்பித்தான் ஸ்பவெந்தோவாக நடித்தவர். 1607ல் அந்தப் பீற்றல்களை உரையாடல்களாக்கிப் புத்தகமாகவே போட்டுவிட்டார். பாரிஸில் ஆர்லெக்கினோ என்ற வேலைக்காரன் வேடத்தில் புகழ்பெற்ற தொமேனிகோ பியாங்கொலெல்லி ஒவ்வொரு காட்சியிலும் தான் என்ன செய்வது என்று எழுதிவைத்த குறிப்புகள் பிற்காலத்துப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாகக் கிடைக்கின்றன. திடீரென்று தோன்றியதுபோலச் செய்வதற்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நாடகத்துக்கு முன் என்ன நடந்தது என்பதை 1699ல் அந்த்ரேயா பெருச்சி தன் நடிப்புக்கலை நூலில் எழுதியிருக்கிறார். குழுத்தலைவர் எல்லாரையும் கூட்டிக் கதைச்சட்டகத்தைப் படிப்பார். கதை எந்த ஊரில் நடக்கிறது, மேடையில் எந்த வீடு யாருடையது என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நேப்பிள்ஸில் நடக்கிற கதையில் ஒருவர் ரோம் என்று சொல்லிவிட்டாலோ, தன் வீட்டுக்குப் போக வேண்டியவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாலோ காட்சி கெட்டுவிடும். மேடைக்குப் பின்னால் அந்தத் தாள் தொங்கும், அவரவர் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே நுழைய வேண்டியதுதான். நீங்கள் படித்தது ஏறக்குறைய அந்தத் தாளைத்தான். ஸ்காலாவில் ஒவ்வொரு கதைக்கும் முன்னால் தேவையான சாமான்களின் பட்டியல் இருக்குமே, அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். விளக்கும் உடைகளும் எந்த இடத்தில் வெளியே வருகின்றன என்று பார்த்துக்கொண்டே படித்தால் காட்சி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

‘அதே கிழவர், அதே வேலைக்காரன்’ என்று நீங்கள் அலுத்துக்கொள்கிறீர்கள். இந்த மேடை நின்றதே அதனால்தான். ஒரு நடிகர் பெரும்பாலும் ஆயுள் முழுக்க ஒரே வேடம் போட்டார். எதிரே நிற்பவர் எதற்கு எப்படித் திருப்புவார் என்று பல வருடப் பழக்கத்தில் தெரியும், அதனால்தான் எழுதாத காட்சியில் துணிந்து இறங்க முடிந்தது. முகமூடி எல்லாருக்கும் கிடையாது. கிழவர்களுக்கும் வேலைக்காரர்களான ஸான்னிகளுக்கும் உண்டு, காப்பித்தானோவுக்குப் பல சமயம் உண்டு. காதலர்களுக்கும் பெண்களுக்கும் இல்லை. முகமூடி தோலால் ஆனது, மேல்பாதி முகத்தை மட்டும் மூடும், வாய் திறந்திருக்கும். முகபாவம் போய்விடுவதால் கோபமும் பசியும் பயமும் கழுத்துக்கும் முதுகுக்கும் முழங்காலுக்கும் இறங்கிவிடும். பேச்சிலும் ஊர் தெரியும். காதலர்கள் இலக்கிய இத்தாலியமான டஸ்கன் பேசுவார்கள், ஸான்னி பேசுவது பெர்கமோ வழக்கு. பெர்கமோ மலைப்பக்கத்து ஏழைகள் வெனிஸுக்கு மூட்டை தூக்க வந்தவர்கள். மேடையில் ஸான்னிக்கு எப்போதும் பசிப்பது சும்மா இல்லை.

அந்தப் பசிக்கு ஒரு ‘லாட்ஸோ’ உண்டு. கதை தொய்யும்போது செருகும் தனித் துணுக்குகளை அப்படிச் சொல்வார்கள். ஸான்னி ஒரு ஈயைக் கண்ணாலேயே துரத்துகிறான், பதுங்குகிறான், பிடிக்கிறான், இறக்கையைப் பிய்க்கிறான், ருசித்துச் சாப்பிடுகிறான். மேடையில் ஈயே கிடையாது. ஸ்காலா மாதிரி ஒருவர் எழுதினால் இது அரை வரி. நல்ல நடிகர் கையில் சில நிமிடம். உங்கள் ஏமாற்றத்துக்கு முக்கியமான காரணம் இந்த வித்தியாசம்தான் என்று நினைக்கிறேன்.

இவர்கள் பொழுதுபோக்குக்காக மேடையேறியவர்கள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1545 பிப்ரவரி 25 அன்று பதுவா நகரில் எட்டுப் பேர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். வருமானம் பொதுப் பெட்டிக்குள் போகும், ஒருவர் நோயில் விழுந்தால் பொதுப்பணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும், சாமான் சுமக்க ஒரு குதிரை வாங்க வேண்டும், தங்களுக்குள் காசு வைத்துச் சீட்டாடக்கூடாது. நாடகக்காரர்களின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இது. 1564ல் ரோமில் எழுதிய இன்னொரு ஒப்பந்தத்தில் லுக்ரேஸியா என்ற பெண்ணின் பெயர் வருகிறது. இங்கிலாந்தின் தொழில்முறை மேடையில் பெண்கள் ஏற இன்னும் கிட்டத்தட்ட நூறு வருடம் ஆக வேண்டியிருந்தது.

இந்த வடிவம் ஏன் தேய்ந்தது என்றும் கேட்பீர்கள். சேர்த்து வைத்த சரக்கு அடுத்த தலைமுறைகளில் பழசாகிவிட்டது, கொச்சை மிகுந்தது. சீர்திருத்த வந்த நாடகாசிரியர் கார்லோ கோல்தோனியை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய ‘இரண்டு எஜமானர்களின் வேலைக்காரன்’ நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1745ல் அந்தோனியோ சாக்கி என்ற நடிகருக்காக எழுதியபோது அதில் பெரும்பகுதி வெறும் சட்டகம்தான். பிறகுதான் முழு வசனம் எழுதி அச்சிட்டார். இன்று நாம் படித்துச் சிரிக்கும் வேலைக்காரனில் சாக்கியின் பங்கு நிச்சயம் இருக்கிறது. 1947ல் மிலானில் இயக்குநர் ஜார்ஜோ ஸ்திரேலர் அந்த நாடகத்தை மேடையேற்றியபோது பழைய தோல் முகமூடிச் செய்முறை மறந்துபோயிருந்தது. மரத்தில் முகம் செதுக்கி, ஈரத்தோலை அதன்மேல் தட்டித் தட்டிப் படியவைக்கும் அந்த வித்தையைச் சிற்பி அம்லெத்தோ சார்த்தோரி முயன்று மீட்டெடுத்தார்.

புத்தகத்தை மூடிவைக்காதீர்கள். ஏழாவதுக்குப் போகாமல் நேராக 38வதைப் படியுங்கள்: ‘இசபெல்லாவின் பைத்தியம்’. இசபெல்லா என்ற வேடப்பெயர் அதை நடித்த இசபெல்லா ஆந்த்ரெய்னியின் சொந்தப் பெயர். அவர் பிரான்செஸ்கோவின் மனைவி. 1589ல் ஃப்ளோரன்ஸ் நகரில், அதை ஆண்ட மெதிச்சி வீட்டுக் கல்யாணத்தில் பைத்தியக் காட்சி ஒன்றை நடித்தார். கதை ஸ்காலாவில் இருப்பதிலிருந்து கொஞ்சம் வேறு. பல மொழிகளில் பேசினார், பிரான்ஸிலிருந்து வந்த மணப்பெண்ணுக்காகப் பிரெஞ்சுப் பாட்டுப் பாடினார், பாந்தலோனே முதல் ஸான்னி வரை தன் குழுவிலுள்ள ஒவ்வொருவரின் பேச்சையும் செய்துகாட்டினார் என்று அன்றைய நாட்குறிப்பு ஒன்று சொல்கிறது. 1604ல் பிரான்ஸிலிருந்து திரும்பும் வழியில், கர்ப்பம் கலைந்து லியோன் நகரில் இறந்தார். பிரான்செஸ்கோ குழுவையே கலைத்துவிட்டார். சட்டகங்களில் வசனத்தை விட்டுவைத்த ஸ்காலா, 38வது கதையில் அந்தப் பைத்தியப் பேச்சிலிருந்து சில வரிகளைக் குறித்து வைத்திருக்கிறார். ‘அந்த வருடம் ஞாபகமிருக்கிறது, எந்த வருடம் என்று ஞாபகமில்லை’ என்று ஆரம்பிக்கும். அந்த வரிகளைச் சத்தமாக, ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள்.