ஒன்றுக்கும் உதவாத தளங்களுக்கு ஒரு வழிகாட்டி: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில், எந்தப் பயனும் இல்லாத இணையதளங்களைத் தேடிப்பிடித்து நகைச்சுவையோடு அறிமுகப்படுத்திய ஆங்கில வழிகாட்டி நூல்களைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். காவிரிப் படுகை ஊர்களிலிருந்து அதைப் பற்றியே கடிதங்கள் குவிந்துவிட்டதால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

எங்கள் ஊர்ப் பழைய புத்தகக் கடையில் அப்படியொரு நூல் கிடைத்தது. பக்கத்துக்கு ஒரு தளம், மூலையில் சிறு படம், கேலியாக ஒரு பத்தி. முகவரிகளைத் தட்டிப் பார்த்தால் பெரும்பாலானவை திறக்கவில்லை. இணையத்தில் தேடினால் கிடைப்பதை எதற்காகப் புத்தகமாக அச்சிட்டார்கள்?
— வாசகி, கும்பகோணம்

இன்று போலத் தேட முடியாத காலத்தில் தோன்றிய வழக்கம் அது. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம், தான் உருவாக்கிய உலகளாவிய வலையை (WWW) எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தாங்கள் பார்த்த தளங்களைத் தலைப்புவாரியாகக் கையாலேயே தொகுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பட்டியல்தான் யாஹூ ஆயிற்று. கூகுள் நிறுவனம் தொடங்கியது 1998இல். இடைப்பட்ட ஆண்டுகளில், எந்தத் தளம் எங்கே இருக்கிறது என்பதைத் தொலைபேசி டைரக்டரி போல அச்சிட்டு விற்பது இயல்பான தொழிலாகவே இருந்தது. மருத்துவத்துக்கும் வணிகத்துக்கும் வழிகாட்டி வந்த பிறகு, வேடிக்கைக்கும் ஒன்று வராமல் இருக்குமா?

நம் பக்கத்து நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15இல். அது நம் ஊர்களுக்கு பிரௌசிங் சென்டர் வடிவில் வந்து சேர இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், ஒரு படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கி முடிவதற்குள் கால் மணி நேரம் கரைந்துவிடும். திறந்து பார்க்கத் தகுந்ததா என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு பத்திக்கு அன்றைக்கு உண்மையான மதிப்பு இருந்தது. புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அப்படி என்னதான் இருந்தது அந்தத் தளங்களில்? ஓரிரண்டையாவது விரிவாகச் சொல்லுங்கள்.
— வாசகர், மயிலாடுதுறை

முதலில் ஒரு காப்பிப் பாத்திரம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் ட்ரோஜன் அறை என்ற கூடத்துக்கு வெளியே காப்பி இறக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. வேறு மாடிகளில் வேலை பார்த்தவர்கள் படியிறங்கி வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கும். இந்த ஏமாற்றத்தைத் தவிர்ப்பதற்காக, 1991இல் அந்தப் பாத்திரத்தை நோக்கி ஒரு கேமராவைத் திருப்பி வைத்து, அதன் படம் அவரவர் கணினியில் தெரியும்படி செய்துகொண்டார்கள். 1993இல் அதே படம் இணையத்துக்குப் போயிற்று. குறுக்கும் நெடுக்கும் 128 புள்ளிகள் (பிக்சல்) கொண்ட சாம்பல் நிறப் படம், நிமிடத்துக்கு மூன்று முறை புதுப்பிக்கப்படும். அதில் பாத்திரத்தில் காப்பி எவ்வளவு இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இருந்தும், அந்தக் காப்பியை ஒரு நாளும் குடிக்கப் போகாத மனிதர்கள் உலகெங்குமிருந்து அதைப் பார்த்தார்கள். 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமரா நிறுத்தப்பட்டது. கடைசியாக இருந்த இயந்திரத்தை ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழின் இணையப் பதிப்பு 3,350 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது. பிறகு அது பாடர்போர்ன் நகரத்துக் கணினி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இணையத்தோடு இணைத்த கேமரா என்னும் கருத்தின் முதல் வடிவம் இதுவே என்பதால், இன்று வீட்டு வாசலிலிருந்து வைகை அணை வரை கேமராவில் பார்க்கும் நாம் அந்தப் பாத்திரத்துக்குக் கடன்பட்டவர்கள்.

இரண்டாவது, பத்து லட்சம் டாலர் முகப்புப் பக்கம். 2005இல் இங்கிலாந்தைச் சேர்ந்த அலெக்ஸ் டியூ என்ற 21 வயது இளைஞர், பல்கலைக்கழகப் படிப்புச் செலவுக்காக ஒரே ஒரு பக்கத்தைத் தொடங்கினார். ஆயிரத்துக்கு ஆயிரம் என்று பத்து லட்சம் புள்ளிகள்; புள்ளி ஒன்று ஒரு டாலர்; நூறு புள்ளிகள் கொண்ட கட்டமாகத்தான் வாங்க வேண்டும். வாங்கியவர் அதில் தம் விளம்பரப் படத்தை வைத்து, தம் தளத்துக்கு இணைப்புக் கொடுத்துக்கொள்ளலாம். படிப்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. திருவிழாக் கடைத்தெருவில் எல்லாப் பெயர்ப்பலகைகளையும் கழற்றி ஒரே சுவரில் இடைவெளியில்லாமல் அடித்தது போல இருக்கும். கடைசி ஆயிரம் புள்ளிகளை 2006 ஜனவரியில் ஏலம் விட்டதில் அவை மட்டும் 38,100 டாலருக்குப் போயின. மொத்த வரவு 10,37,100 டாலர்.

ஆடும் வெள்ளெலிகளையும் விட்டுவிட முடியாது. 1998இல் கனடாவைச் சேர்ந்த ஓவிய மாணவி ஒருவர், இலவச இடம் தந்த ஜியோசிட்டீஸில் போட்ட பக்கம் அது: நான்கே அசைபடங்கள் வரிசை வரிசையாக மீண்டும் மீண்டும் ஆடும், வேகம் கூட்டிய பாட்டு ஒன்று நிற்காமல் ஓடும். அவ்வளவுதான்.

உங்கள் உள்ளத்துக்கு நெருக்கமானது எது?
— வாசகர், நாகப்பட்டினம்

காப்பிப் பாத்திரம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் காப்பிக்காக மெனக்கெட்டதை நினைத்தால் இன்றைக்கும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

வள்ளுவர் 'பயனில சொல்லாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். பயனற்றவற்றைத் தேடித் தொகுப்பது கற்றவர்க்கு அழகாகுமா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவையாறு

ஐயா, தங்கள் கேள்வியை வணங்கி ஏற்கிறேன். வள்ளுவர் விலக்கியது பயனற்ற சொல்லை. பயனற்ற ஒரு பொருளைப் பற்றிக் கூர்ந்து பார்த்துச் சொல்லும் சொல் பயனற்றதாகிவிடாது என்பதே என் துணிபு. இதற்குச் சான்று தேடிக் கேம்பிரிட்ஜ் வரை போக வேண்டியதில்லை, நாகப்பட்டினம் போதும்.

காளமேகப் புலவர் நாகையில் காத்தான் என்பவருடைய சத்திரத்துக்குப் பசியோடு போய்க் காத்திருந்து பாடியதாகச் சொல்லப்படும் தனிப்பாடலைத் தாங்கள் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருப்பீர்கள். பொழுது சாயும் நேரத்தில்தான் அங்கே அரிசி வரும். அதைக் குத்தி உலையிலிடுவதற்குள் ஊர் அடங்கிவிடும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்கிறார். பசித்தவனுக்கு உதவாத ஒரு சத்திரத்துக்கு எழுதப்பட்ட வழிகாட்டிக் குறிப்பாகவே அதை நான் படிக்கிறேன். சத்திரம் மோசம் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. அரிசி வந்த நேரம், குத்திய நேரம், இலையில் விழுந்த நேரம் மூன்றையும் மட்டும் சொல்லுகிறார். நகைப்பு அதிலிருந்து தானே பிறக்கிறது. அந்தச் சத்திரத்துச் சமையற்கட்டை நம்மில் யாரும் பார்த்ததில்லை என்றாலும், அங்கே இரவு எப்படிக் கழிந்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். காத்தான் மனம் நொந்து வேண்டியபோது, அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாகப் பொருள் சொல்லி அவரைத் தேற்றினார் புலவர் என்றும் கதை உண்டு. கேலி செய்தவரிடமே கேலிக்குள்ளானவர் மீது பரிவும் இருந்தது என்று நம் முன்னோர் நம்ப விரும்பியிருக்கிறார்கள். நல்ல நகைச்சுவை வழிகாட்டிக்கு இந்த இரண்டும் வேண்டும். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் துல்லியமும், ஆக்கியவர் மீது பரிவும்.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன், ஒரு பொத்தானை அழுத்தினால் ஏதாவதொரு வெட்டித் தளத்துக்குக் கொண்டுபோகும் தளத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். தடுக்க வேண்டுமா?
— வாசகி, பட்டுக்கோட்டை

நீங்கள் சொல்வது டிம் ஹோல்மன் என்பவர் 2012இல் உருவாக்கிய தளமாகவோ அதைப் பார்த்துச் செய்யப்பட்ட ஒன்றாகவோ இருக்கும். சிரிப்புக்காக அதைத் தடுக்காதீர்கள் அம்மா. எனக்கு அதில் உள்ள குறை வேறு: பொத்தான் கொண்டுபோய் நிறுத்துமே தவிர, எதைப் பார்க்கிறோம், அதில் என்ன விசேஷம் என்று கூட வந்து சொல்லாது. அந்தப் பணியைத்தான் பழைய நூல்கள் செய்தன.

கவலைப்பட வேண்டிய வகை ஒன்று உண்டு. முன்பிறவியில் நீங்கள் எந்த அரசர், உங்கள் குணம் எத்தகையது என்றெல்லாம் கேட்டுவிட்டு, இடையில் கைப்பேசி எண்ணையோ முகநூல் கணக்கையோ கேட்கும் தளங்கள் அவை. அத்தகைய குணப் பரிசோதனைச் செயலி ஒன்றின் வழியாகத் திரட்டிய விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போன செய்தி 2018இல் வெடித்தது, 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனமே ஒப்புக்கொண்டது. செயலியை நிறுவியவர்கள் அவர்களில் மிகச் சிலர். மற்றவர்கள் அவர்களுடைய நண்பர்கள் பட்டியலில் இருந்த குற்றத்துக்காகச் சிக்கியவர்கள். எதையும் கேட்காமல் வேடிக்கை மட்டும் காட்டும் தளம் நல்லது, பெயரும் எண்ணும் கேட்டால் மூடிவிட வேண்டும் என்று மகனிடம் சொல்லுங்கள், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது புரியும்.

தமிழில் இத்தகைய வழிகாட்டி ஒன்றை எழுத ஆசை. எப்படித் தொடங்குவது?
— கல்லூரி மாணவர், மன்னார்குடி

இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன் தம்பி.

முகவரியை நம்பி எழுதாதீர்கள். பத்து லட்சம் டாலர் பக்கத்தை ஹார்வர்டு பல்கலைக்கழக நூலக ஆய்வுக்குழு 2017இல் சோதித்தபோது, அதிலிருந்த 2,816 இணைப்புகளில் 547 அடியோடு செத்துக் கிடந்தன. மேலும் 489 வேறு எங்கோ கொண்டுபோய் விட்டன. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தே ஆண்டுகளில் மறைந்துவிட்டதாக பியூ ஆய்வு மையம் 2024இல் தெரிவித்தது. காசு கொடுத்து விளம்பரம் செய்தவர்களின் பக்கங்களே இப்படி என்றால், யாரோ ஒருவர் ஆசைக்காகப் போட்ட பக்கம் எத்தனை நாள் நிற்கும்? ஆகவே உங்கள் பத்தியே அந்தத் தளத்தின் கடைசிச் சாட்சியாக நிற்கக்கூடும் என்று எண்ணி எழுதுங்கள். என்ன நிறம், எதை அழுத்தினால் என்ன நடக்கிறது, எவ்வளவு நேரம் நடக்கிறது, என்ன ஓசை கேட்கிறது, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்பன எல்லாம் வேண்டும். 'செம காமெடி' என்று எழுதினால் பத்து ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு ஒன்றுமே கிடைக்காது.

எழுதிய கையோடு, இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்துவிடுங்கள். 1996இலிருந்து இணையப் பக்கங்களைப் படியெடுத்து வரும் காப்பகம் அது. முகவரியைக் கொடுத்தால் இலவசமாகவே சேமிக்கும், பழைய படிகளையும் தேதிவாரியாகக் காட்டும். தமிழுக்கென்று ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. எல்லா மொழி எழுத்துக்களுக்கும் பொதுவான குறியீட்டு முறையாகிய யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளமும் தன் விருப்பப்படி ஓர் எழுத்துருவைப் பயன்படுத்தியதால், காப்பகத்தில் கிடைக்கும் பழைய தமிழ்ப் பக்கங்கள் புரியாத லத்தீன் எழுத்துக் குவியலாகத் தெரியும். பழுதென்று விட்டுவிடாதீர்கள், அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

எதிலிருந்து தொடங்கலாம் என்றால், நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர்களை எழுதிப் பொது எழுத்துக்களை அடித்து, நட்பா காதலா கல்யாணமா என்று கண்டுபிடிப்போமே, அந்த ஃப்ளேம்ஸ் விளையாட்டைக் கணக்கிட்டுச் சொல்லவே எத்தனையோ தளங்கள் இருக்கின்றன. தமிழ் எழுத்தில் பெயரைக் கொடுத்தால் அவை உயிர்மெய்யை எப்படி எண்ணுகின்றன, ஒரே பெயர்களுக்குத் தளத்துக்குத் தளம் விடை மாறுகிறதா என்று சோதித்து எழுதினாலே முதல் அத்தியாயம் தயார்.

ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் காட்டுவதற்காக ஒருவர் தம் தெருக் கோயில் திருவிழாப் படங்களைக் கோணல்மாணலாக ஏற்றிவைத்த பக்கத்தையும், அரைகுறைத் தமிழில் ஒரு சிறுமி போட்ட முதல் பக்கத்தையும் கேலிக்கு எடுக்காதீர்கள். ஆங்கில நூல்கள் சிலவற்றில் என்னை வருத்தியது இதுவே. சிரிக்க வைக்கவேண்டும் என்று ஆக்கப்பட்டதைப் பார்த்துச் சிரிப்பது ஒன்று, அன்பினால் ஆக்கப்பட்டதைப் பார்த்துச் சிரிப்பது வேறொன்று.

முன்பு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். பிள்ளைகள் அங்கே விளையாடிய பழைய வேடிக்கைத் தளங்களை இப்போது திறந்தால் வெற்றுக் கட்டம்தான் தெரிகிறது. இனிப் பார்க்கவே முடியாதா?
— வாசகர், திருவாரூர்

முடியும். அவற்றில் பெரும்பாலானவை ஃப்ளாஷ் என்னும் மென்பொருளைக் கொண்டு செய்யப்பட்டவை. அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்திவிட்டதால் உலாவிகள் அதை இயக்குவதில்லை. ரஃபிள் என்னும் இலவச மென்பொருள் பழைய ஃப்ளாஷ் கோப்புகளை ஓட்டிக் காட்டும். இன்டர்நெட் ஆர்க்கைவும் 2020 நவம்பர் முதல் அதே முறையில் ஃப்ளாஷ் விளையாட்டுகளையும் அசைபடங்களையும் தன் தளத்திலேயே ஓடவிட்டிருக்கிறது. விளையாட்டின் பெயர் நினைவிருந்தால் அங்கே முதலில் தேடுங்கள். பெயர் மறந்துபோயிருந்தால், அது எப்படி இருக்கும், என்ன செய்யும் என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறேன், தெரிந்த வாசகர் யாராவது சொல்லக்கூடும்.