பைக்குள் ஒரு ஸ்பிட்ஃபயர்: கேள்வி – பதில்

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் ஸ்பிட்ஃபயர் கிட் ஒன்று கிடைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரிட்டிஷ் போர் விமானத்தை, நிஜத்தில் 72-ல் ஒரு பங்காக (1/72 அளவு), பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்வது. பிளாஸ்டிக் பை, மேலே ஸ்டேப்பிள் அடித்த அட்டை. இன்னும் பிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் பிளாஸ்டிக் கெட்டுப்போயிருக்குமா? ஒட்டலாமா, அப்படியே வைத்திருக்கலாமா? – திருச்சி வாசகர்

பாலிஸ்டைரீன் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. வெயில் படாத பரணில் கிடந்தால் அறுபது வருடம் ஆனாலும் ஒட்டும், தேய்க்க வரும், பெயின்ட் பிடிக்கும். கெடுவதெல்லாம் அதோடு வந்தவைதான். டெக்கல், அதாவது தண்ணீரில் ஊறவைத்து விமானத்தில் ஒட்டும் சின்னங்களின் தாள், பழுத்துப்போகும்; ட்யூபில் இருக்கும் பசை கல்லாகிவிடும். பரணின் சூட்டில், மேலே ஏதாவது பாரமும் இருந்திருந்தால், இறக்கை நெளிந்திருக்கும்.

ஏர்ஃபிக்ஸின் முதல் ஸ்பிட்ஃபயர் 1953-ல் வந்தது. இங்கிலாந்தில் வுல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்குத் தொங்கிய இந்தப் பைகளை இன்று சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது விமானத்தை அல்ல, அட்டையையும் ஸ்டேப்பிளையும்தான். இரண்டும் குலையாமல் இருந்தால் பையைத் தொடாதீர்கள். ஒட்டும் ஆசைக்கு, பழைய அச்சுகளிலிருந்தே மறுபடி வார்த்து ‘விண்டேஜ் கிளாசிக்ஸ்’ என்ற பெயரில் அதே நிறுவனம் விற்கும் கிட்களில் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். புது டெக்கலும் சேர்ந்து வரும். அட்டை கிழிந்து, பை ஓட்டையாகிவிட்டதா? யோசிக்காமல் ஒட்டுங்கள்.

பிரித்ததும் செய்முறைத் தாளைப் பார்த்து பாகங்களை எண்ணுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில், பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு பழைய கிட்களில் அதிகம். அது இருந்தால் பெயின்ட் டேப்போடு உரிந்து வரும். தொட்டித் துவாரத்தில் வடிகட்டியைப் போட்ட பிறகு தண்ணீரை ஊற்றுங்கள். 1/72 அளவில் ஒரு சக்கரம் பச்சைப் பட்டாணி அளவுதான் இருக்கும்.

கேள்வி: என் கிட்டில் ஒரு இறக்கை வாழை மட்டை மாதிரி வளைந்திருக்கிறது. நெருப்பில் காட்டலாமா? – நாகர்கோவில் வாசகர்

வேண்டாம். பாலிஸ்டைரீன் ஏறக்குறைய 95 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். மெழுகுவத்திச் சுடர் நொடியில் அதைத் தாண்டிவிடும், ஓரம் சுருண்டுவிடும். 65, 70 டிகிரி வெந்நீர் போதும், கொதிக்கும் தண்ணீர் கூடாது. ஒரு நிமிடம் முக்கி, எடுத்து, வளைவுக்கு எதிர்ப்பக்கம் மெதுவாக அழுத்திப் பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். ஒரே தடவையில் நேராக்க முயன்றால் மெல்லிய பின்விளிம்பில் வெள்ளைக் கீறல் விழும். நான்கைந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக.

இறக்கையின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றுக்கொன்று எதிராக வளைந்திருந்தால் பாதி வேலை மிச்சம். ஒட்டும்போது ஒன்றையொன்று இழுத்து நேராகிவிடும். துணி கிளிப் போட்டு ஓர் இரவு விடுங்கள்.

கேள்வி: இறக்கை உடலோடு சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி. ட்யூப் பசையை நிறைய வைத்தும் அடையவில்லை. – மதுரை வாசகர்

பசை வேறு, இடைவெளியை அடைக்கும் புட்டி வேறு. பிளாஸ்டிக் சிமென்ட் இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்குகிறது. இடைவெளியில் ஊற்றினால் ஆவியாகிச் சுருங்கும், சுற்றியுள்ள பிளாஸ்டிக்கையும் குழைத்துவிடும். ஒரு வாரம் கழித்துக்கூட அந்த இடம் உள்வாங்குவதைப் பார்க்கலாம். டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற தண்ணீர் மாதிரியான சிமென்ட் நல்லது. இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ் நுனியால் இணைப்பைத் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடிவிடும். விரலை அந்தக் கோட்டின்மேல் வைக்காதீர்கள். பசை விரலுக்கடியில் பரவி ரேகையைப் பதித்துவிடும்.

இடைவெளிக்கு மூன்று வழி. மயிரிழை என்றால் புட்டி. அரை மில்லிமீட்டருக்கு மேல் என்றால் ஸ்ப்ரூவை, அதாவது பாகங்கள் கோத்திருந்த சட்டத்தை, நறுக்கி அதே சிமென்டில் ஒரு நாள் ஊறவைத்த கூழ். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக ஒன்றிவிடும், ஆனால் முழுசாக இறுக இரண்டு நாள் ஆகும். அவசரம் என்றால் ஃபெவிக்விக்கோடு முகப்பவுடர். இதை ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் தேய்த்தால் பிளாஸ்டிக் தேயும், அது தேயாது. பெரிய பள்ளத்துக்கு எம்-சீல் போடலாம். ஈர விரலால் வழித்துவிட்டால் தேய்ப்பு வேலை குறையும்.

ஹார்டுவேர் கடை வாட்டர் பேப்பர் போதும். 400-ல் தொடங்கி 600, 1000 என்று தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். அந்தக் கால அச்சில் ஆணித்தலைகள் கொப்புளம் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். நிஜ விமானத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு வரும்! சில கிட்களில் வட்டச் சின்னம் ஒட்டும் இடத்தைக்கூட இறக்கையில் கோடாகச் செதுக்கியிருப்பார்கள். அந்தக் கோட்டை மட்டும் கண்டிப்பாகத் தேய்த்து எடுங்கள், டெக்கல் வழியாகத் தெரியும். ஆணிகளை மழுக்கினால் போதும். மொத்தமாக வழித்துவிட்டுப் புதுக் கோடு கீறுவதற்கு இன்றைய கிட் ஒன்றை வாங்கிவிடலாம் என்பது எங்கள் கட்சி.

கேள்வி: டெக்கல் தாள் டீ ஊற்றியது போலப் பழுத்திருக்கிறது. தண்ணீரில் போட்ட ஒன்று தூள் தூளாகிவிட்டது. மீதியைக் காப்பாற்ற முடியுமா? – கோவை வாசகர்

முடியும். மீதியைத் தண்ணீரில் போடாமல் நிறுத்தினீர்களே, அதுவே பெரிய காரியம்.

பழுப்பு நீங்க வெயில்தான் மருந்து. தாளை ஜிப் பைக்குள் போட்டு, அச்சுப் பக்கம் வெளியே பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சள் வெளுக்கும். காலை வெயில் ஜன்னலாக இருக்கட்டும். நம் ஊர் உச்சி வெயிலில் தாள் சுருளும். வாரம் ஒருமுறை பாருங்கள். சிவப்பு மங்கத் தொடங்கினால் எடுத்துவிடுங்கள்.

தூளாவதற்குக் காரணம், படத்தைத் தாங்கும் மெல்லிய படலம் காய்ந்து விரிசல் விட்டதுதான். மைக்ரோஸ்கேலின் லிக்விட் டெக்கல் ஃபிலிம், அல்லது பளபளப்பான கிளியர் ஸ்ப்ரே, தாள் முழுவதும் இரண்டு மெல்லிய கோட் அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். இப்போது முழுத் தாளும் ஒரே படலம். எனவே ஒவ்வொரு படத்தையும் ஓரத்தை ஒட்டிக் கத்தரித்த பிறகே ஊறவைக்க வேண்டும். முதலில் தேவையில்லாத ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் 20, 30 விநாடி. எடுத்து ஒரு துணிமேல் ஒரு நிமிடம் வையுங்கள். அசைத்தால் நழுவும் பதம் வந்ததும் விமானத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து நகர்த்துங்கள். அடியில் பளபளப்பான பரப்பு இருக்க வேண்டும். பளபளப்பில்லாத மேட் பெயின்ட்மேல் ஒட்டினால் அதன் சொரசொரப்புக்குள் காற்று சிக்கி, வெள்ளி பூத்தாற்போலத் தெரியும். பிறகு, டெக்கலை இளக்கிப் படியவைக்கும் மைக்ரோ சால் திரவம். அது பட்டதும் டெக்கல் சுருங்கிப் பயமுறுத்தும், கை வைக்காதீர்கள். காயும்போது தானே படியும். பழைய டெக்கலுக்கு அதைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து விடுவது பத்திரம்.

கேள்வி: பெயின்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் இல்லை. ஹம்ப்ரோல் எனாமல் பெயின்டைப் பிரஷ்ஷால் அடித்தால் திட்டுத் திட்டாகப் பளபளக்கிறது. மழைக்காலத்தில் காயவும் மாட்டேன் என்கிறது. – சென்னை வாசகர்

திட்டுப் பளபளப்புக்குக் காரணம் கலக்காதது. மேட் ஆக்கும் பொடி 14 மில்லி டப்பாவின் அடியில் களிமண்ணாகக் கிடக்கும். குலுக்கினால் எழாது. ஸ்ப்ரூ குச்சியால் அடியைச் சுரண்டி மூன்று நிமிடம் கலக்குங்கள். பழைய டப்பாவில் மேலே ஆடை கட்டியிருந்தால் கலக்காமல் வட்டமாக வெட்டி எடுத்துப் போடுங்கள்; அடியில் இருப்பது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைன் சில சொட்டு விட்டு, பால் பதத்துக்குக் கொஞ்சம் கெட்டியாக, இரண்டு மெல்லிய கோட். அடித்த இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

1940 கோடைக் கால ஸ்பிட்ஃபயர் என்றால் மேலே ஹம்ப்ரோலின் 29-ஆம் எண் மண் நிறம், 30-ஆம் எண் கரும்பச்சை, அடியில் ‘ஸ்கை’ என்ற வெளிர்பச்சைக்கு 90. விமானி அறைக்குள் 78. வெளிர்நிறம் முதலில், பிறகு மண் நிறம், கடைசியில் பச்சை. ப்ரொப்பெல்லர் கறுப்பு, நுனியில் நான்கு அங்குல மஞ்சள், உங்கள் அளவில் 1.4 மில்லிமீட்டர்.

ஈரக் காற்றில் எனாமல் காய்வது தாமதமாகும், கெடாது. டேப் ஒட்டும் முன் 24 மணி நேரம், மழைநாளில் 48. மூக்கருகே கொண்டுபோனால் வாசனை வருகிறதா? இன்னும் காயவில்லை. மேலே கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பா தூசியைத் தடுக்கும். எனாமலுக்குமேல் லாக்கர் ஸ்ப்ரே மட்டும் அடிக்காதீர்கள், தோல் சுருங்கினாற்போல் ஆகிவிடும். மழைக்கால ஈரத்தில் லாக்கர் வெண்மையாகப் பூக்கவும் செய்யும்.

கொசுறு: சென்னைக்காரர் என்பதால் சொல்கிறோம். பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆம் ஸ்குவாட்ரன் ‘மெட்ராஸ் பிரசிடென்ஸி’ என்ற பெயரைத் தாங்கியது. 1940-ல் ஸ்பிட்ஃபயர் ஓட்டியது. விமானத்தின் பக்கவாட்டில் ‘ஏ இசட்’ என்ற குறியெழுத்துகள். கிட்டில் வந்த எழுத்துகளுக்குப் பதில் இவற்றை ஒட்டினால் அலமாரியில் ஒரு மெட்ராஸ் ஸ்பிட்ஃபயர் நிற்கும்.

கேள்வி: ஏர்ஃபிக்ஸின் பழைய நாட் ஜெட் விமான கிட்டில் 1971 போரில் பறந்த இந்திய நாட் செய்ய ஆசை. டெக்கல் மாற்றினால் போதுமா? – வேலூர் வாசகர்

போதாது. அந்தக் கிட், இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். இந்திய விமானப்படை ஓட்டியது ஒற்றை இருக்கைப் போர் விமானம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் போரிட்டு மடிந்து பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டியதும் அதுதான். பயிற்சி விமானத்தின் நீளம் 9.68 மீட்டர், போர் விமானத்துக்கு 8.74. 1/72-ல் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். பயிற்சி விமானத்தின் இறக்கையும் பெரிது. 30 மி.மீ. பீரங்கிகளும் அதில் இல்லை. இருக்கையை அடைத்து ஏமாற்றினால் நாட் தெரிந்தவர் கண்ணில் உடனே படும்.

அந்தக் கிட்டைப் பயிற்சி விமானமாகவே செய்யுங்கள். 1965 முதல் 1979 வரை பிரிட்டிஷ் விமானப்படையின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு ஓட்டியது இதைத்தான், சிவப்பில். அல்லது 1964-ன் யெல்லோஜாக்ஸ் குழு, முழு மஞ்சள். இரண்டு நிறத்துக்கும் அடியில் வெள்ளை கட்டாயம். சாம்பல்மேல் அடித்த சிவப்பு செங்கல் நிறமாகத்தான் தெரியும்.

மூக்கடியில் ஒன்றோடு மூன்று சக்கரத்தில் நிற்கும் விமானம் என்பதால் உடலை மூடும் முன் மூக்கில் பாரம் வையுங்கள். தூண்டில் ஈயக்குண்டு பொருத்தம். பாகங்களை டேப்பால் சேர்த்து, சக்கரம் வரும் இடத்தில் தாங்கிப் பார்த்து, மூக்கு தாழும் வரை சேருங்கள். ஈயத்தை ஃபெவிகாலில் ஒட்டவே கூடாது. அதன் அமிலம் ஈயத்தை அரித்து வெண்பொடியாகப் பூரிக்கவைக்கும். சில வருடத்தில் மூக்கு தானே பிளந்துகொள்ளும். அரால்டைட் போடுங்கள்.

கேள்வி: ஃபெவிக்விக்கில் ஒட்டிய கனோபி (விமானி அறையின் கண்ணாடி மூடி) பனி படர்ந்தது போல ஆகிவிட்டது. – ஈரோடு வாசகர்

அந்தப் பசையின் ஆவி படிந்ததுதான். வெளிப்பக்கம் என்றால் 2000 வாட்டர் பேப்பரால் ஈரத்தில் லேசாகத் தேய்த்து, டூத் பேஸ்ட்டால் மெருகேற்றுங்கள். உள்பக்கம் என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். மேலே சொன்ன ஃபெவிகால், கண்ணாடிப் பாகத்துக்கு மட்டும் நல்லது: காய்ந்தால் நிறம் தெரியாது, வழிந்ததை ஈரத் துணியால் துடைக்கலாம்.

கேள்வி: 1930-களின் ஃப்ராக் நிறுவனத்தின் ‘பென்குவின்’ வரிசை கிட் ஒன்று கிடைத்தது. எந்தச் சிமென்டும் பிடிக்கவில்லை. – புதுச்சேரி வாசகர்

பிடிக்காது. அது பாலிஸ்டைரீன் அல்ல, செல்லுலோஸ் அசிடேட். 1936-ல் வெளிவந்த வரிசை, உலகின் முதல் பிளாஸ்டிக் விமான கிட்களில் சேர்ந்தது. வருடம் ஆக ஆகத் தானே முறுக்கிக்கொள்ளும். வெந்நீர் வைத்தியம் அதற்கு வேண்டாம். டப்பாவோடு நிழலில் வையுங்கள்.