மன்றத்துக்குப் பணம் வராது, கட்டடம் வரும்

வாசகர் கேள்வி – பதில்

இளைஞர் மன்றம், படிப்பகம், உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர்கள் உள்ளாட்சி நிதியைப் பெறுவது பற்றி மதுரை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

வாடகை அறையில் படிப்பகமும், மாலையில் கபடிப் பயிற்சியும் நடத்துகிறோம். வாடகைக்கும் பயிற்சியாளர் சம்பளத்துக்கும் மாநகராட்சி மாதாமாதம் ஏதாவது தருமா?
— மன்றச் செயலாளர், செல்லூர்

தராது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். மாநகராட்சியோ ஊராட்சியோ ஒரு மன்றத்தின் வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டு "நடத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்வதில்லை. அவர்கள் கொடுப்பது வேலையாக வரும்: மதிப்பீடு, டெண்டர், ஒப்பந்தக்காரர், எம்-புக் (வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்), பில். முடிவில் நிற்கிற கட்டடமும் அவர்கள் சொத்துதான், உங்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை. எம்.பி. நிதி (ஆண்டுக்கு 5 கோடி), எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி (ஆண்டுக்கு 3 கோடி) எல்லாவற்றிலும் இதே கதைதான். சம்பளம், வாடகை போன்ற தொடர்செலவுக்கு அவற்றில் இடமில்லை.

ஆகவே கேட்பதை மாற்றுங்கள். வாடகைப் பணத்தைக் கேட்காமல், உங்கள் வார்டில் பூட்டிக்கிடக்கும் மாநகராட்சிக் கட்டடத்தைக் கேளுங்கள். பழைய சத்துணவுக் கூடம், கைவிட்ட பம்ப் அறை, சமுதாயக் கூடத்தின் மாடி என்று 100 வார்டிலும் தேடினால் ஏதாவது அகப்படும். புதுக் கட்டடத்துக்கு நிதி ஒதுக்கச் சொல்வதைவிட, இருக்கிற கட்டடத்தைப் பழுதுபார்த்துத் தரச் சொல்வது மண்டல அலுவலகத்தில் வேகமாக நகரும். கவுன்சிலரிடம் வாயால் சொன்னதோடு விடாமல் ஏரியா சபை (வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் சபை) கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள். பட்ஜெட் பிப்ரவரி–மார்ச்சில் வரும். டிசம்பருக்குள் மனு உள்ளே இருக்க வேண்டும். ஏப்ரலில் போய் நின்றால் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பார்கள்.

நமக்கு நாமே திட்டத்தில் எங்கள் ஊர் இளைஞர்கள் 2 லட்சம் திரட்ட முடியும். படிப்பகமும் ஜிம்மும் சேர்ந்த கட்டடம் கிடைக்குமா?
— வாசகர், கொட்டாம்பட்டி ஒன்றியம்

மக்கள் ஒரு பங்கு கட்ட, மீதியை அரசு போடுகிற திட்டம் இது. மக்கள் குழுக்களுக்கு ஏற்ற வழி இதுதான். கணக்கைச் சரியாகப் போடுங்கள்.

மொத்த மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்காவது மக்கள் பங்காக இருக்க வேண்டும். ஊரகப் பகுதியில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். உங்கள் 2 லட்சத்தை வைத்துப் பார்த்தால் பொதுப் பகுதியில் 6 லட்சத்துக்கும், ஆதிதிராவிடர் குடியிருப்பில் 10 லட்சத்துக்கும் வேலை கேட்கலாம்.

6 லட்சம் என்றதும் பெரிதாகத் தோன்றும். அதில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி அடக்கம். வரியைக் கழித்தால் கையில் நிற்பது 5 லட்சத்துச் சொச்சம். சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால்கூட 200 சதுர அடி, அதாவது பத்துக்கு இருபதில் ஓர் அறை. அதற்குள் படிப்பகமும் ஜிம்மும் என்றால் இரண்டும் உருப்படாது. இரும்புத் தட்டு கீழே விழுகிற சத்தத்தில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவன் ஒரு வாரத்தில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான். இந்தத் தொகையில் படிப்பக அறையை மட்டும் கேளுங்கள். பளு தூக்குவதற்கு ஓரமாகத் தகரக் கொட்டகையும் நாலு அங்குலக் கான்கிரீட் தளமும் போதும். அதைப் பிறகு சொந்தச் செலவில் போட்டுக்கொள்ளலாம்.

விண்ணப்பம் ஊரகத்தில் மாவட்ட ஆட்சியருக்கு, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாகப் போகும். மதுரை நகருக்குள் என்றால் மாநகராட்சி ஆணையருக்கு. மன்றத்தின் தீர்மானம், இடத்தின் சர்வே எண், பங்குத்தொகை தருவதாக ஒப்புதல் கடிதம், ஊராட்சியின் தீர்மானம் நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். இடத்தைப் பார்த்து ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போடுவார், பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி. பங்குத்தொகையை வரைவோலையாக, அலுவலகம் எழுத்தில் சொல்கிற கணக்கின் பெயரில் மட்டும் கட்டுங்கள். "ஒப்பந்தக்காரரிடம் நேரே கொடுத்துவிடுங்கள்" என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள், அது பங்காகக் கணக்கில் ஏறாது. செங்கல் தருகிறோம், ஆள் வேலை செய்கிறோம் என்பதையும் பங்காக எண்ணித் திட்டம் போட வேண்டாம்.

பெரும்பாலான மன்றங்கள் தடுக்குவது திரட்டிய பணத்தில்தான். ஊர்க்கூட்டத்தில் 60 பேர் கை தூக்குவார்கள், அனுமதி வரும்போது 25 பேர் மிஞ்சுவார்கள். சொன்ன தொகை கட்டாமல் கோப்பு திரும்பிவிட்டால் அடுத்த முறை அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே அலுவலகத்தில் சலித்துக்கொள்வார்கள். பணம் முழுவதும் வங்கியில் சேர்ந்த பிறகே விண்ணப்பம் போடுங்கள். பங்கு பாதிக்கு எட்டினால் வேலையை நாமே எடுத்துச் செய்யக் கேட்க முடியும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற ஊர்க்காரர்களை இழுக்க அது நல்ல காரணம்.

பதிவு செய்யாத மன்றத்துக்கு எதுவும் கிடைக்காதா?
— வாசகர், வாடிப்பட்டி

ஊராட்சி தன் நிலத்தில் தானே கட்டுகிற வேலைக்கு உங்கள் பதிவு அவசியமில்லை. பராமரிப்பு ஒப்படைப்பு, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, பான் அட்டை இவற்றுக்கு வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி 7 பேர் இருந்தால் போதும். மதுரையில் வடக்கு, தெற்கு என்று இரண்டு பதிவு மாவட்டங்கள்; உங்கள் ஊர் எதில் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

துணைவிதியை ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் நகலைப் பார்த்து எழுதாதீர்கள். நோக்கத்தில் "விளையாட்டு" என்று மட்டும் இருந்தால் பின்னால் படிப்பகத்துக்கு நிதி கேட்கும்போது இடிக்கும். கல்வி, நூலகம், விளையாட்டு, திறன் பயிற்சி நான்கையும் எழுதுங்கள். உறுப்பினர் தகுதியில் சாதி, தெரு என்று எதையும் எழுதிவிட்டால் பொது நிதிக்கு அத்தோடு கதவு சாத்தியது. பதிவு செய்வது எளிது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்வதில்தான் முக்கால்வாசி மன்றங்கள் படுத்துவிடுகின்றன. ஐந்தாறு வருடம் விட்டுவிட்டு, நிதி வருகிற நேரத்தில் அபராதத்தோடு ஓடுவார்கள்.

கண்மாய்க் கரையை ஒட்டி நாங்களே சுத்தம் செய்து விளையாடுகிற மைதானம் இருக்கிறது. அங்கே கட்டடம் கேட்கலாமா?
— இளைஞர்கள், உசிலம்பட்டி வட்டம்

வேண்டாம். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார், போட்டாலும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு பொதுநல வழக்கு வந்தால் கட்டியது இடிபடும். கண்மாய் வறண்டு இருபது வருடம் ஆகியிருந்தாலும் 'அ' பதிவேட்டில் (எந்த நிலம் எந்த வகை என்று காட்டும் வருவாய்ப் பதிவேடு) கண்மாய் கண்மாய்தான்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) பாருங்கள். மந்தைவெளி, மேய்ச்சல் என்று இருந்தால் வகைப்பாடு மாற்றாமல் கட்டடம் எழுப்ப முடியாது. பொது நிலங்களைக் காக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு அந்த மாற்றமும் எளிதில் நடப்பதில்லை. கோயில் இடம் என்றால் அறநிலையத் துறையின் அனுமதி வேண்டும். சிக்கலே இல்லாதது ஊராட்சியின் பெயரில் உள்ள நிலம். அதற்கடுத்தது யாராவது தனியார் ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக்கொடுக்கும் பட்டா நிலம். பத்திரத்திலேயே "இளைஞர் படிப்பகம், விளையாட்டுப் பயன்பாட்டுக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். வெறும் தானமாக எழுதினால் நாளைக்கு அங்கே குப்பைக் கிடங்கு வந்தாலும் கேட்க முடியாது.

எவ்வளவு இடம் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆண்கள் கபடி ஆடுகளம் 13 மீட்டருக்கு 10. சுற்றிலும் 4 மீட்டர் விட்டால் 21-க்கு 18, ஏறத்தாழ 9½ சென்ட். வாலிபால் 18-க்கு 9; சுற்றிலும் 3 மீட்டர் சேர்த்தால் 9 சென்ட். ஓர் ஆடுகளம், ஓர் அறை, கழிப்பறை மூன்றுக்கும் 15 சென்ட் இருந்தால் நெருக்கடி இல்லை. கபடி விரிப்பை (மேட்) கூரை வருவதற்கு முன்னால் கேட்டு வாங்காதீர்கள், திறந்தவெளியில் போட்டால் வெயிலில் வெடித்துப்போகும். அதுவரை சலித்த மண் களமே நல்லது.

லேஅவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடம் காலியாகக் கிடக்கிறது. அதில்?
— வாசகர், திருநகர்

திறந்தவெளி ஒதுக்கீட்டு இடத்தில் கட்டடம் கூடாது. மைதானம், திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவி, விளக்கு கேளுங்கள், கிடைக்கும்.

கிராம சபையில் தீர்மானம் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஒன்றும் நடக்கவில்லை. தீர்மானத்துக்கு மதிப்பே இல்லையா?
— வாசகர், செல்லம்பட்டி ஒன்றியம்

"இளைஞர்களுக்கு மன்றக் கட்டடம் கட்டித்தரக் கேட்டுத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரே வரியில் இருந்திருக்கும். அப்படி எழுதினால் அது ஆசை, அதை வைத்துக்கொண்டு யாரும் வேலையைத் தொடங்க முடியாது. பதிவேட்டில் ஏற வேண்டியது ஏறக்குறைய இப்படி:

"… கிராமம், சர்வே எண் … , ஊராட்சிக்குப் பாத்தியமான 15 சென்ட் நிலத்தில் 400 சதுர அடியில் இளைஞர் படிப்பகம் கட்டும் பணியைக் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கவும், மின்கட்டணத்தை ஊராட்சிப் பொதுநிதியிலிருந்து செலுத்தவும், அன்றாடப் பராமரிப்பை … மன்றத்திடம் ஒப்படைக்கவும் தீர்மானிக்கப்பட்டது."

இதில் உயிர்நாடி "வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க" என்பது. ஊராட்சி ஆண்டுதோறும் போடுகிற வேலைப் பட்டியல் அது. அந்தத் திட்டத்தில் இல்லாத வேலைக்கு மத்திய நிதிக்குழு மானியத்தைத் தொட முடியாது. ஆண்டுக்கு 6 கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த ஆண்டுத் திட்டம் பேசப்படுவது அக்டோபர் 2-ல். ஆகவே ஆகஸ்ட் 15-ல் விதை போட்டு அக்டோபரில் உறுதிசெய்யுங்கள். குறைவெண் வரம்பு (குறைந்தபட்ச வருகை) இல்லாமல் கூடிய கூட்டத்தின் தீர்மானம் நிற்காது. 3,000 பேருக்குள் உள்ள ஊராட்சிக்கு 100 பேர், 10,000 வரை 200 பேர் கையெழுத்து வேண்டும் (500 பேருக்குள் என்றால் 50). இளைஞர்கள் கூட்டமாக வந்து, தங்கள் தீர்மானம் முடிந்ததும் கையெழுத்துப் போடாமலே கிளம்பிவிடுவது வழக்கம். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போங்கள்.

மதுரை மாவட்ட ஊராட்சிகளில் 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தது. தலைவர் வாய்மொழியாகச் சொன்னது அத்தோடு போனது, பதிவேட்டில் இருப்பது மட்டும் நிற்கிறது. உங்கள் பழைய தீர்மானம் எந்த அலுவலகத்தில் கிடக்கிறது என்று தெரிய 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. தீர்மான நகல், அது அனுப்பப்பட்ட கடித எண், கோப்புக் குறிப்பு நகல் என்று கேட்டால் 30 நாளில் தந்தாக வேண்டும்.

15-ஆவது நிதிக்குழு (2021–26) மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று கட்டிவைக்கப்பட்டது. பொது வேலைக்கு மிஞ்சிய 40 விழுக்காட்டில் சாலை, சாக்கடை எல்லாம் போட்டி போட்டன. அதனால் கெட்டிக்கார ஊர்கள் மன்ற வளாகத்தின் கழிப்பறையையும் தண்ணீர்க் குழாயையும் அந்தக் கட்டிவைத்த பங்கில் தனி வேலையாகக் கேட்டன. அறைக்கு மட்டும் வேறு நிதி தேடினால் போதுமாக இருந்தது.

கட்டடம் வந்துவிட்டது. ஆனால் மின்கட்டணம் கட்டாமல் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். சாவி ஊராட்சி அலுவலகத்தில்.
— வாசகர், மேலூர் வட்டம்

திறப்பு விழா அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய தாள் ஒன்று விட்டுப்போயிற்று. ஒரு பக்க ஒப்படைப்புக் கடிதம் போதும். சாவி யாரிடம், திறக்கும் நேரம், மின்கட்டணம் யார், குழாய் உடைந்தால் யார், கணக்கை யாரிடம் காட்டுவது இந்த ஐந்தும் அதில் இருக்கட்டும். இப்போதும் அடுத்த கிராம சபையில் போட்டு வாங்கலாம். மின் இணைப்பை ஊராட்சியின் பெயரிலேயே வைத்திருங்கள். மன்றத்தின் பெயருக்கு மாற்றப் போனால் வணிகக் கட்டண வகையில் போட்டுவிடும் ஆபத்து உண்டு. பாக்கித் தொகையை ஊராட்சி கட்ட மறுத்தால் மன்றம் முழுவதையும் ஏற்காமல், "இன்ன மாதத்திலிருந்து இத்தனை யூனிட்டுக்கு மேல் வருவது எங்கள் பொறுப்பு" என்று எழுதிக்கொடுங்கள்.

தொடர்செலவுக்கு உறுப்பினர் சந்தாவைத் தவிர நம்பகமான வழி கிடையாது. 60 பேர், ஆளுக்கு 50 ரூபாய், மாதம் 3,000. இரண்டு நாளிதழ், ஒரு வேலைவாய்ப்பு இதழ், பெருக்குகிறவருக்குச் சம்பளம், பல்பு எல்லாம் அடங்கும். திருவிழா வசூலில் மிச்சமானதை நம்பி நடத்துகிற மன்றம் ஆடியில் திறந்து மார்கழியில் மூடும்.

எங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்களே. அதைப் படிப்பகத்துக்குத் தருவார்களா?
— வாசகர், சோழவந்தான்

சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு அது. உள்ளாட்சி வசூலித்தாலும் போய்ச் சேருவது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு, உங்கள் பேரூராட்சியால் தொட முடியாது. அறை உங்களிடம் இருந்தால் பகுதிநேர நூலகம் கேட்டு மாவட்ட நூலக அலுவலரிடம் மனு கொடுங்கள். ஆளுக்கு 1,000 ரூபாய் கட்டி நூலகப் புரவலராகச் சேர ஊரில் பத்துப்பேர் இருந்தால் மனுவுக்கு எடை கூடும்.

பெண் பிள்ளைகள் மன்றத்துப் பக்கமே வருவதில்லை. கட்டடம் மட்டும் எதற்கு?
— ஆசிரியை, பேரையூர் வட்டம்

மதிப்பீடு போடும்போதே ஓவர்சியரிடம் சொல்ல வேண்டியது இது. பெண்கள் கழிப்பறையைத் தனி வாசலோடு, ஆண்கள் உட்காரும் திண்ணையைத் தாண்டிப் போகாத பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். படிப்பக வாசல் தெருவைப் பார்த்து இருக்கட்டும், பின்பக்கச் சந்தில் வேண்டாம். வாசலிலிருந்து தெரு முனை வரை விளக்கு வேண்டும். தெருவிளக்கு ஊராட்சியின் கடமை என்பதால் அதற்குத் தனி நிதி தேவையில்லை, மனு போதும். ஒப்படைப்புக் கடிதத்தில் "மாலை 4.30 முதல் 6.30 வரை மாணவியருக்கு" என்று நேரத்தை எழுதிவிடுங்கள், சாவியில் ஒன்று ஒரு பெண் நிர்வாகியிடம் இருக்கட்டும். பெண்கள் கபடி ஆடுகளம் 12-க்கு 8 மீட்டர்தான். ஆண்கள் களத்துக்குள்ளேயே வேறு நிறத்தில் கோடு போட்டுவிடலாம், கூடுதல் இடம் வேண்டாம்.