தைராய்டும் வெள்ளணுக்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் அவசரமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பதால் ஒரு மாதமாக கார்பிமசோல் சாப்பிடுகிறேன். இரண்டு நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி. மாத்திரையைத் தொடரலாமா?

வேண்டாம். உடனே நிறுத்திவிட்டு இன்றைக்கே வெள்ளணு எண்ணிக்கை பாருங்கள். இந்த மருந்து அபூர்வமாகச் சிலருக்கு கிருமிகளோடு போராடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள்தான் அப்படி நடக்கும். எண்ணிக்கை சரியாக இருந்தால் வெறும் சளிக்காய்ச்சல் என்று நிம்மதி அடையலாம். பார்க்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தைராய்டு ஹார்மோன் வெள்ளணுக்களைத் தூண்டுமாமே! எதிர்ப்புச் சக்திக்காக அந்த மாத்திரையைச் சாப்பிடலாமா?

தூண்டும் என்பது உண்மை. வெள்ளணுக்களின் உட்கருவிலும் டி3 என்ற தைராய்டு ஹார்மோனுக்கான ஏற்பிகள் உண்டு. டி3 அவற்றில் ஒட்டியதும் சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும், சில அடங்கும். கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் தைராய்டின் இன்னொரு ஹார்மோனான டி4ஐத் தமக்குள்ளேயே டி3 ஆக மாற்றிக்கொள்கின்றன. ஆனால் சுரப்பு சரியாக உள்ளவர் மேற்கொண்டு மாத்திரை போட்டால் எதிர்ப்புச் சக்தி அதிகரிக்காது. படபடப்பு வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே அது மருந்து.

அப்பாவுக்குப் புற்றுநோய்க்காக இம்யூனோதெரபி நடக்கிறது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு டி.எஸ்.எச். கிட்டத்தட்ட பூஜ்யம். ஆறு வாரம் கழித்து 40. பரிசோதனைக்கூடத்தின் தவறா?

இரண்டு முடிவுமே சரியாக இருக்கலாம். டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்; இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடினால் அது குறையும், குறைந்தால் அது ஏறும். டி-செல்கள் என்ற வெள்ளணுக்களின் மேல் பிடி-1 என்ற ஏற்பி இருக்கிறது. அதுதான் அவற்றுக்கு பிரேக். 1992இல் அதைக் கண்டறிந்தவர் ஜப்பானிய விஞ்ஞானி தசுக்கு ஹோஞ்சோ. 2018இல் நோபல் பரிசு பெற்றார். மருந்து அந்த பிரேக்கை விடுவித்ததும் டி-செல்கள் புற்றைத் தாக்குகின்றன. சிலருக்குத் தைராய்டையும் சேர்த்துத் தாக்கிவிடுகின்றன. சிதைந்த சுரப்பியில் சேர்ந்திருந்த ஹார்மோன் கசிந்து இரத்தத்தில் கலக்க, டி.எஸ்.எச். விழுகிறது. சில வாரங்களில் இருப்பு தீர்ந்துபோக, டி.எஸ்.எச். எகிறுகிறது. கசியும் கட்டத்தில், ஹார்மோன் தயாரிப்பைத் தடுக்கும் கார்பிமசோல் உதவாது. சுரப்பி அப்போது கூடுதலாக எதையும் தயாரிப்பதில்லையே.

இப்போது தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை தேவைப்படும், அநேகமாக ஆயுள் முழுக்க. அதற்காகப் புற்றுநோய்ச் சிகிச்சையை நிறுத்த வேண்டியிருப்பது அரிது. தைராக்சின் தொடங்கும் முன் காலை நேரக் கார்டிசால் ஹார்மோன் அளவைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இதே இம்யூனோதெரபி மருந்து, கார்டிசாலைச் சுரக்கும் அட்ரீனலையும் அதை இயக்கும் பிட்யூட்டரியையும் பாதிக்கக்கூடும். கார்டிசால் குறைந்திருக்கும்போது அதைச் சரிசெய்யாமல் தைராக்சின் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எழுந்து நின்றால் தலைசுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று அப்பா சொன்னால் அடுத்த ஊசி வரை காத்திருக்காதீர்கள்.

தைராய்டுக்கு எதிரான ஆன்டி-டிபிஓ எதிர்ப்பொருள் 600இலிருந்து 900 ஆகிவிட்டது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். தைராக்சின் மருந்தின் அளவை டி.எஸ்.எச். பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். ஆன்டி-டிபிஓவைத் திரும்பத் திரும்ப எடுப்பது வீண் செலவு.

தைராய்டை அதிகமாகச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோய்க்காகச் சுரப்பியை அகற்றி நான்கு ஆண்டாகிறது. இப்போது கர்ப்பமாக இருக்கிறேன். பழைய நோயைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். டி.எஸ்.எச். ஏற்பியைத் தூண்டும் எதிர்ப்பொருள், சுரப்பி போன பிறகும் பல ஆண்டுகள் இரத்தத்தில் இருக்கலாம். உங்களிடம் அது தூண்டுவதற்குச் சுரப்பி இல்லை; குழந்தையிடம் இருக்கிறது. நஞ்சுக்கொடியைக் கடந்து போய் அங்கே வேலையைக் காட்டும். கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே அந்த எதிர்ப்பொருளின் அளவைப் பார்த்துவிட்டால், அதிகமாக இருக்கும்பட்சத்தில் குழந்தையின் இதயத் துடிப்பையும் தைராய்டையும் ஸ்கேனில் கவனித்துக்கொண்டே வரலாம்.